எலும்பு கூடிவிடும், கால் எப்போது திரும்பும்?

கால் முறிந்து வீட்டில் படுத்திருப்பவரைப் பார்க்க வருகிறவர்கள், ஆப்பிளையும் ஹார்லிக்ஸையும் மேஜையில் வைத்துவிட்டுக் கேட்கும் முதல் கேள்வி, "எலும்பு கூடிடுச்சா?" என்பதுதான். டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து, "நல்லா கூடியிருக்கு" என்று சொல்லிவிட்டால் குடும்பத்துக்கே பெரிய நிம்மதி. ஆனால் அடுத்த மாதமும் அந்த மனிதர் கைப்பிடியை விடாமல்தான் மாடிப்படி ஏறுகிறார். தரையில் உட்கார்ந்தால் தூக்கிவிட ஆள் வேண்டியிருக்கிறது. காலையில் எழுந்ததும் முதல் பத்து அடியை நொண்டித்தான் வைக்கிறார். எலும்புதான் கூடியாயிற்றே, இன்னும் என்ன என்று வீட்டில் இருப்பவர்களுக்குப் புரிவதில்லை. பல நேரம் அவருக்கே புரிவதில்லை.

காலில் முறிவது எலும்பு. ஆனால் முறிவுக்குப் பிறகு உயிரையோ காலையோ பறிப்பதும், மாதக்கணக்கில் நொண்ட வைப்பதும் பெரும்பாலும் எலும்பைச் சுற்றியிருக்கும் தோல், தசை, ரத்த ஓட்டம் ஆகியவற்றுக்கு நேரும் கேடுதான். கால் முறிவு பற்றிய மருத்துவம் இதைக் கற்றுக்கொள்ளப் பல நூற்றாண்டுகள் எடுத்துக்கொண்டது. நம் வீடுகள் இன்னும் கற்றுக்கொண்டிருக்கின்றன.

எலும்புக்குத் தானாகச் சேரும் குணம் உண்டு. முறிந்த இடத்தில் முதலில் ரத்தம் கசிந்து உறைகிறது. அந்த உறைவுக்குள் புதிய ரத்தக்குழாய்கள் நுழைகின்றன. இரண்டு மூன்று வாரங்களில் குருத்தெலும்பு போன்ற மென்மையான திசு, கட்டடத்துக்குச் சாரம் கட்டுவது போல, இரு முனைகளையும் சுற்றிப் பிடித்துக்கொள்கிறது. பிறகு அதில் கால்சியம் படிந்து கெட்டிப்படுகிறது. அதற்கும் பின்னால் மாதங்கள், சில சமயம் ஆண்டுகள், உடல் அந்தப் புடைப்பைச் செதுக்கிப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவருகிறது. தோலில் வெட்டுப்பட்டால் ஆறிய பிறகும் தழும்பு நிற்கும். எலும்பு தழும்பில்லாமல் எலும்பாகவே ஆறுகிறது. கைக்குழந்தையின் தொடை எலும்பு இரண்டு மூன்று வாரங்களிலேயே ஒட்டிக்கொள்ளும். பெரியவர்களுக்குத் தொடை எலும்பு கூட மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். முழங்காலுக்குக் கீழே உள்ள பெரிய எலும்பான டிபியாவுக்கு நான்கு முதல் ஆறு மாதம் ஆவது சகஜம்.

இந்த டிபியாதான் தொல்லை பிடித்தது. உடலின் நீண்ட எலும்புகளில் அடிக்கடி முறிவதும் இதுவே. முழங்காலுக்குக் கீழே காலின் முன்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தால் காரணம் விளங்கும். உட்புறம் முழுக்கத் தோலுக்கு அடியிலேயே எலும்பு. நடுவில் சதை என்று சொல்ல ஒன்றுமில்லை. அதனால் பைக் விபத்தில் இந்த எலும்பு முறிந்தால் தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வருவது எளிது. சதை குறைந்த இடத்தில் ரத்த ஓட்டமும் குறைவு. கணுக்காலை ஒட்டிய கீழ்ப்பகுதி முறிந்தால் கூடுவதற்கு இன்னும் தாமதமாகிறது.

எலும்பு வெளியே தெரியும்படி முறிந்தால் காலை வெட்டி எடுப்பதே ஒரு காலத்தில் வழக்கம். வெட்டாவிட்டால் சீழ் பிடித்து உயிர் போகும். 1756இல் லண்டனின் புகழ்பெற்ற அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட் குதிரையிலிருந்து விழுந்தார். காலெலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்தது. தன்னை யாரும் தொட்டுத் தூக்கக்கூடாது என்று குளிர்ந்த தெருவிலேயே படுத்தபடி, பல்லக்குத் தூக்குபவர்களை அவர்களுடைய கழிகளோடு வரவழைத்தார். ஒரு கதவை விலைக்கு வாங்கி, அதில் கழிகளை ஆணியடித்து, அதன்மேல் கிடத்தி வீட்டுக்குக் கொண்டுபோகச் செய்தார். காலை எடுத்துவிடலாம் என்று சக மருத்துவர்கள் முடிவு செய்து கருவிகள்கூடத் தயாரான வேளையில், அவருடைய ஆசிரியர் எட்வர்டு நூர்ஸ் வந்து பார்த்து, காப்பாற்ற முயலலாம் என்றார். கால் பிழைத்தது. முறிந்த காலை ஆட்டாமல் அசைக்காமல் எடுத்துச் செல்ல வேண்டும் என்பதை அவ்வளவு வலியிலும் பாட் மறக்கவில்லை. இன்றைக்கும் சாலையோரத்தில் அடிபட்டவரைக் கையையும் காலையும் பிடித்து ஆட்டோவுக்குள் திணிக்கும் நாம் இந்த ஒரு பாடத்தையாவது அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்த திருப்பம் 1865 ஆகஸ்டில், கிளாஸ்கோ நகரத்து மருத்துவமனையில். வண்டிச்சக்கரம் ஏறி இடது கால் முறிந்த 11 வயதுச் சிறுவன் ஜேம்ஸ் கிரீன்லீஸின் காயத்தை அறுவை மருத்துவர் ஜோசப் லிஸ்டர் கார்பாலிக் அமிலத்தில் நனைத்த துணியால் மூடினார். நான்கு நாள் கழித்துக் கட்டைப் பிரித்தபோது சீழ் இல்லை. ஆறு வாரத்தில் எலும்பு கூடி, பையன் இரண்டு காலோடு வீடு திரும்பினான். எலும்புக்கென்று லிஸ்டர் புதிதாக ஒன்றும் செய்யவில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. காயத்தில் கிருமி வளராமல் பார்த்துக்கொண்டார். மற்றதை எலும்பு பார்த்துக்கொண்டது.

கட்டுப் போடும் கலை மருத்துவக் கல்லூரிகளுக்கு முந்தியது. எல்லா நாட்டிலும் அதற்கென்று குடும்பங்கள் இருந்தன. தமிழ்நாட்டின் சிறு நகரங்களில்கூடப் பெயர்ப்பலகையாகத் தொங்கும் 'புத்தூர் கட்டு', ஆந்திரத்தின் பழைய சித்தூர் மாவட்டத்துப் புத்தூரிலிருந்து வந்தது. பச்சிலைச் சாறு, முட்டை வெள்ளைக்கரு, மூங்கில் பட்டை, துணி ஆகியவைதான் அதன் பொருள்கள். குமரி மாவட்டத்தில் வர்ம ஆசான்கள் கட்டுகிறார்கள். இங்கிலாந்தின் லிவர்பூலில் எவன் தாமஸ் என்ற நாட்டு எலும்பு வைத்தியர் இருந்தார். மருத்துவர்கள் அவர்மீது திரும்பத் திரும்ப வழக்குப் போட்டார்கள். அவர் தம் ஐந்து மகன்களையும் மருத்துவம் படிக்க வைத்தார். அவர்களில் ஒருவரான ஹியூ ஓவன் தாமஸ் வடிவமைத்த இரும்புச் சட்டம்தான் இன்றும் எலும்பு வார்டுகளில் தொடையைத் தாங்கி நிற்கும் 'தாமஸ் ஸ்பிளின்ட்'. முதல் உலகப் போரில் தொடை எலும்பு முறிந்த வீரர்களில் பத்தில் எட்டுப் பேர் இறந்துகொண்டிருந்ததாகவும், இந்தச் சட்டத்தைப் போர்முனையிலேயே மாட்டத் தொடங்கிய பிறகு அது பத்தில் இரண்டாகக் குறைந்ததாகவும் அக்கால ராணுவ மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். தொடை எலும்பு முறிந்தால் உள்ளுக்குள்ளேயே ஒரு லிட்டருக்கு மேல் ரத்தம் கசியலாம். எலும்பை அசையாமல் நிறுத்தினால் கசிவும் அதிர்ச்சியும் குறையும்.

எனவே நாட்டுக் கட்டு என்றாலே மூடத்தனம் என்று தள்ளுவது நியாயமில்லை. விலகாத, தோல் கிழியாத முறிவை எப்படி அசையாமல் வைத்தாலும் அது பெரும்பாலும் கூடிவிடும். மக்கள் அங்கே போவதற்குச் செலவு, கத்தி மீதுள்ள பயம், அன்றைக்கே வீடு திரும்பும் வசதி என்று காரணங்கள் இருக்கின்றன. ஆபத்து இருப்பது கட்டின் இறுக்கத்தில்.

கீழ்க்காலின் தசைகள் நான்கு அறைகளாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் நீளாத உறைக்குள் அடைபட்டிருக்கின்றன. முறிவால் உள்ளே வீக்கம் ஏறும்போது உறை விரிந்து கொடுக்காது. உள்ளழுத்தம் கூடிச் சின்ன ரத்தக்குழாய்கள் நசுங்கும். அதன்மேல் இறுக்கிய கட்டும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். ஏறத்தாழ ஆறு மணி நேரத்தில் தசை சாகத் தொடங்கிவிடும். இதற்கு ஓர் அடையாளம் உண்டு. அடிபட்ட அளவுக்குப் பொருந்தாத வலி இருக்கும், ஊசி போட்டும் அடங்காது. வேறொருவர் கால் கட்டைவிரலை மெல்ல மேல்நோக்கி மடக்கினால் கெண்டைக்காலில் உயிர் போகிற வலி எடுக்கும். பாதத்தில் நாடித்துடிப்பு தெரிகிறதே என்று சும்மா இருந்துவிடக் கூடாது. துடிப்பு கடைசியில்தான் மறையும். கட்டு எதுவானாலும், மாவுக்கட்டே ஆனாலும், உடனே தோல்வரை முழுக்கப் பிளந்துவிட வேண்டும். காலை இதயத்தின் மட்டத்திலேயே வைத்தபடி மருத்துவமனைக்கு ஓட வேண்டும். அங்கே உறையை நீளவாக்கில் கீறி அழுத்தத்தை விடுவிப்பார்கள். "கட்டு போட்டா அப்படித்தான் வலிக்கும், பொறுத்துக்கோ" என்று இரவெல்லாம் சமாதானம் சொன்னதில் போன கால்கள் ஏராளம்.

பஸ் விபத்தில் காயமுற்ற நடனக் கலைஞர் சுதா சந்திரனின் கதை தமிழர்களுக்குத் தெரிந்ததே. 1981இல் திருச்சி அருகே நடந்தது. காலில் இருந்த காயம் கவனிக்கப்படாமல் அதன்மேலேயே கட்டுப் போடப்பட்டதில் உள்ளே திசு அழுகி, வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. ஜெய்ப்பூர் செயற்கைக் காலோடு 1984இல் மீண்டும் மேடையேறினார். அந்த மன உறுதியை எல்லோரும் கொண்டாடுகிறோம், கொண்டாட வேண்டும்தான். அதோடு, கட்டுக்குள் மூடப்பட்ட காயத்தையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தோலும் தசையும் சிதைந்துபோன காலைக் காப்பாற்றலாமா, எடுத்துவிடலாமா என்பது எலும்பு மருத்துவத்திலேயே கடினமான முடிவு. இதற்கு உலகம் இன்று பயன்படுத்தும் அளவுகோல்களில் முக்கியமான ஒன்று கோவையில் உருவானது. கங்கா மருத்துவமனையின் எஸ். ராஜசேகரனும் எஸ். ராஜ சபாபதியும் சேர்ந்த குழு 2006இல் வெளியிட்ட மதிப்பெண் முறை அது. அண்ணன் தம்பிகளான இவர்களில் ஒருவர் எலும்பு மருத்துவர், மற்றவர் ஒட்டறுவை மருத்துவர். மதிப்பெண்ணும் அப்படியே அமைந்திருக்கிறது. மூடியிருக்கும் தோலுக்கு ஐந்து வரை, எலும்புக்கும் மூட்டுக்கும் ஐந்து வரை, தசைக்கும் நரம்புக்கும் ஐந்து வரை. நீரிழிவு, முதுமை, தாமதமாக வந்து சேர்ந்தது போன்ற பாதகங்கள் ஒவ்வொன்றுக்கும் இரண்டு. மொத்தம் 14 வரை என்றால் காலைக் காப்பாற்றலாம், 17ஐத் தொட்டால் எடுப்பதே மேல். இடையில் உள்ள 15, 16 மருத்துவரின் அனுபவத்துக்கும் நோயாளியின் சூழ்நிலைக்கும் விடப்பட்டவை. இந்தக் கணக்கில் எலும்புக்கு ஒரு பங்குதான். இரும்பு உதிரிபாகங்களும் மில் இயந்திரங்களும் நெடுஞ்சாலைகளும் நிறைந்த ஒரு தொழில் நகரத்தின் காயங்களிலிருந்து இந்த அறிவு பிறந்திருக்கிறது என்பது, நாம் வெளியே சொல்லிக்கொள்ள வேண்டிய செய்தி.

உள்ளே கம்பி வைப்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. மாவுக்கட்டு 1850களில் ஐரோப்பிய ராணுவ மருத்துவர்களால் பரவியது; நல்ல கண்டுபிடிப்பு. ஆனால் தொடை முறிந்தவர் மாதக்கணக்கில் படுத்தே கிடக்க வேண்டியிருந்தது. 1939இல் ஜெர்மனியின் கீல் நகரத்தில் கெர்ஹார்டு குன்ட்ஷர் எலும்பின் நடுக்குழிக்குள் நீளமான எஃகுக் கம்பியைச் செருகினார். போர் முடிந்து ஜெர்மானியச் சிறையிலிருந்து திரும்பிய நேச நாட்டு விமானிகளின் தொடைகளை எக்ஸ்ரே எடுத்தபோதுதான் மற்ற நாட்டு டாக்டர்கள் அந்தக் கம்பியைப் பார்த்து வியந்தார்கள். நம் ஊரில் "ராடு வெச்சிருக்காங்க" என்பது அதன் வாரிசைத்தான். ராடு எலும்பைக் கூட்டுவதில்லை. எலும்பு தானாகக் கூடும்வரை பிடித்துக்கொண்டு, அதற்குள் முழங்காலையும் கணுக்காலையும் அசைக்க வழி செய்கிறது. சைபீரியாவின் குர்கானில் இலிசரோவ் என்ற மருத்துவர் வேறு வழி கண்டார். காலைச் சுற்றி வளையங்கள், வளையத்திலிருந்து எலும்புக்குள் மெல்லிய கம்பிகள். திருகை நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் வீதம் திருப்பினால் இடைவெளியில் புது எலும்பே வளர்கிறது. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் தங்கம் வென்ற வலேரி புரூமெல், மறு ஆண்டு மோட்டார் சைக்கிள் விபத்தில் கால் நொறுங்கிப் பல அறுவைகள் பலிக்காமல், கடைசியில் இலிசரோவிடம் போனார். அதன் பிறகு மீண்டும் 2 மீட்டருக்கு மேல் தாண்டினார்.

இனி வீட்டுக்கு வருவோம். வேலை தொடங்குவதே இங்கேதான்.

படுக்கையில் கிடக்கும் தொடைத்தசை இரண்டு வாரத்துக்குள்ளேயே இளைக்கத் தொடங்கிவிடும். திரும்ப வளர்க்க மாதங்கள் ஆகும். ஆகவே அறுவை முடிந்த மறுநாளே, டாக்டர் தடுக்காதவரை, பாதத்தை மேலும் கீழும் ஆட்ட வேண்டும். முழங்காலுக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்து, அதை நசுக்குவது போலத் தொடையை ஐந்து நொடி இறுக்கி விட வேண்டும். பார்ப்பதற்கு இது ஒரு வேலையாகவே தெரியாது. ஆனால் ஒரு நாளைக்குப் பலமுறை இதைச் செய்தவருக்கும் செய்யாதவருக்கும் மூன்றாம் மாதத்தில் நடையில் தெரியும் வித்தியாசம் பெரிது.

"கொஞ்சமா காலை ஊனலாம்" என்று டாக்டர் சொல்வதில் கொஞ்சம் என்றால் எவ்வளவு? வீட்டில் எடை பார்க்கும் மெஷின் இருந்தால் போதும். அடிபட்ட காலை அதன்மேல் வைத்து, முள் பத்துக் கிலோவைத் தொடும்வரை மெல்ல அழுத்திப் பார்க்க வேண்டும். கண்ணை மூடி மறுபடி அழுத்தி, திறந்து பார்த்தால் முதல் தடவை முள் இருபதைத் தாண்டியிருக்கும், அல்லது மூன்றிலேயே நிற்கும். நாலைந்து முறைக்குப் பிறகு காலுக்கே பத்துக் கிலோ எவ்வளவு என்று பழகிவிடும். எலும்புக்கும் இந்தச் சுமை வேண்டும். சுமை ஏறும் திசைக்கேற்ப எலும்பு தன்னை வலுப்படுத்திக்கொள்ளும் என்று ஜெர்மானிய மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் 1892லேயே எழுதினார். முழு ஓய்வு கொடுத்தால் சீக்கிரம் கூடும் என்ற நம்பிக்கை, அளவான சுமை அனுமதிக்கப்பட்டவர்களைப் பொறுத்தவரை தவறு.

அக்குள் கட்டையைப் பிடிப்பதிலும் முறை உண்டு. அக்குளுக்கும் கட்டையின் தலைக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் இடைவெளி வேண்டும். பாரத்தைக் கைகள்தான் தாங்க வேண்டும். அக்குளில் தொங்கினால் நரம்பு நசுங்கி மணிக்கட்டு தூக்க முடியாமல் போகலாம். படி ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது கட்டையும் அடிபட்ட காலும் முதலில்.

நம் ஊர் நோயாளிக்கு மேலைநாட்டு அட்டவணைகளில் இல்லாத ஒரு தேவை இருக்கிறது. மாடிப்படிக்கும் நாற்காலிக்கும் முழங்கால் 90 முதல் 100 டிகிரி மடங்கினால் போதும். சம்மணமிட, குத்தவைத்து உட்கார, இந்தியக் கழிப்பறையைப் பயன்படுத்த 130 டிகிரிக்கு மேல் வேண்டும். களை பறிப்பவருக்கும், பூக்கட்டுபவருக்கும், தரையில் அமர்ந்து வாசிக்கும் மிருதங்கக் கலைஞருக்கும் அந்தக் கடைசி முப்பது டிகிரியில்தான் பிழைப்பே இருக்கிறது. முதல் நாளே பிசியோதெரபிஸ்ட்டிடம் தன் தொழிலைச் சொல்லிவிட வேண்டும். மூட்டு இறுகிய பிறகு சொன்னால் பாதிப் பலன்தான்.

காலைத் தொங்கப்போட்டால் மாதக்கணக்கில் அது வீங்குவதும் நீலம் பாரிப்பதும் இயல்பு. கெண்டைக்காலில் புதிதாக வலியும் வீக்கமும் வந்தாலோ திடீரென்று மூச்சு வாங்கினாலோ அது வேறு. ரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போயிருக்கலாம். அரை மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது.

சாப்பாட்டைப் பற்றி எல்லோரிடமும் யோசனை இருக்கிறது. ஆட்டுக்கால் சூப்பில் கால்சியம் மிகக் குறைவு. எலும்பிலிருந்து அது தண்ணீரில் அவ்வளவாகக் கரைவதில்லை. நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் இருக்கிறது. முள்ளோடு தின்னும் நெத்திலி, எள், பால், முருங்கைக்கீரை எல்லாம் நல்லவை. முட்டையும் பருப்பும் தசைக்குக் கட்டாயம். பிரண்டையைப் பற்றிக் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் உடுப்பாவும் பிரசாத்தும் 1960களில் விலங்குகளிடம் செய்த ஆய்வுகள் நம்பிக்கை தந்தன. துவையலாக அரைத்துச் சாப்பிடுவதில் தடையில்லை. டாக்டர் தந்த மருந்துக்கு அது மாற்றாகாது. இவை எல்லாவற்றையும்விடப் பெரிய வித்தியாசம் செய்வது சிகரெட். கீழ்க்கால் சிதைந்தவர்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த அமெரிக்க ஆய்வொன்றில், புகைப்பவர்களுக்கு எலும்பு கூடும் வாய்ப்பு புகைக்காதவர்களைவிட 37 சதவீதம் குறைவாக இருந்தது. பீடியை ஜன்னலோரம் ஒளித்து வைத்துக்கொண்டு சூப் குடிப்பவருக்கு யாராவது இதைச் சொல்ல வேண்டும்.

அதே ஆய்வு மற்றொன்றையும் காட்டியது. படுகாயமுற்றவர்களில் இரண்டாண்டு கழித்து வேலைக்குத் திரும்பியிருந்தவர்கள் ஏறத்தாழ பாதிப் பேர்தான். காலைக் காப்பாற்றியவர்களுக்கும் எடுத்தவர்களுக்கும் இதில் அதிக வேறுபாடில்லை. உலகத் தரமான மருத்துவம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும், அமெரிக்கக் கால்பந்து வீரர் அலெக்ஸ் ஸ்மித் 2018 நவம்பரில் முறிந்த காலோடு மைதானம் திரும்ப ஏறத்தாழ இரண்டாண்டு ஆனது. முறிவு சரிசெய்யப்பட்டது, சதையைத் தின்னும் தொற்று புகுந்து உயிருக்கே உலை வைத்தது, 17 அறுவைகள் நடந்தன. எனவே ஆறு மாதமாகியும் பழையபடி நடக்க முடியவில்லை என்று துவண்டு போகிறவர் சோம்பேறி அல்ல. தூக்கமின்மை, எரிச்சல், மறுபடி விழுந்துவிடுவோமோ என்ற பயம் ஆகியவையும் முறிவின் பகுதிகளே. வீட்டார் அதைக் குத்திக்காட்டாமல் இருந்தாலே பெரிய உதவி.

முதியவர்களின் கணக்கு தனி. குளியலறையில் வழுக்கி விழுந்து "இடுப்பு எலும்பு போச்சு" என்பது பெரும்பாலும் தொடை எலும்பின் மேல்முனை முறிவு. "இந்த வயசுல ஆபரேஷன் எதுக்கு" என்று படுக்கையிலேயே விட்டுவிடும் குடும்பங்கள் அன்பினால்தான் அப்படிச் செய்கின்றன. ஆனால் படுக்கை அவர்களுக்குப் புண்ணையும் நிமோனியாவையும் ரத்த உறைவையும் கொண்டுவருகிறது. முடிந்தால் இரண்டு நாளுக்குள் அறுவை செய்து, மறுநாளே எழுப்பி உட்கார வைப்பதுதான் உலகெங்கும் இன்றுள்ள நடைமுறை. அப்படிச் செய்தும் ஓராண்டுக்குள் ஐந்தில் ஒருவரையாவது இழக்கிறோம் என்றால், செய்யாமல் விடுவதன் விலையை ஊகிக்கலாம்.

2021 டிசம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை, ஒரு வரம்புக்குள், அரசே ஏற்கிறது. எத்தனையோ கால்களைக் காப்பாற்றியிருக்கக்கூடிய நல்ல திட்டம். அதற்கடுத்த ஆறு மாதம்தான் ஓட்டை. காலில் ராடோடு கிராமத்திலிருந்து பஸ் ஏறி வாரம் மூன்று முறை மாவட்டத் தலைமை மருத்துவமனையின் பிசியோதெரபி பிரிவுக்கு வர, கூடவே ஒரு ஆளும் இரண்டு பேரின் அன்றைய கூலியும் வேண்டும். அதே 2021இல் ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வரும் பிசியோதெரபிஸ்ட்கள் இருக்கிறார்கள். எத்தனையாவது வாரத்தில் எவ்வளவு எடை ஊனலாம், முழங்கால் எத்தனை டிகிரி மடங்க வேண்டும், அடுத்த எக்ஸ்ரே எப்போது என்பதை டிஸ்சார்ஜ் சீட்டில் தமிழில் எழுதி, அதன் ஒரு நகலை அந்தப் பகுதியின் பிசியோதெரபிஸ்ட்டுக்கு அனுப்பி வைக்கலாம். இதற்குப் புதிய கட்டடமோ இயந்திரமோ தேவையில்லை.